வைரம் தருகிறேன் என்றவன்

இதற்கு முன் இந்தப் பகுதிக்கு நான் எழுதியது இரண்டே இரண்டு கடிதம். ஒன்று மாவடு கெடாமல் இருக்க என்ன செய்வது என்று. இன்னொன்று மழை பெய்தால் துரைசாமி சப்வே பக்கம் நாங்கள் படும் பாடு. இப்போது எழுதுவதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மாதமாக யோசித்தேன். பெயரைப் போட வேண்டாம் என்று ஆசிரியரைக் கேட்டுக் கொண்டிருக்கிறேன். எனக்காக இல்லை, என் பையனுக்காக.

அவன் ஏழாவது படிக்கிறான். ராத்திரி பாட்டி பக்கத்தில்தான் படுப்பான். ஒரு நாள் காலையில் நான் அவசர அவசரமாக பீன்ஸ் நறுக்கிக் கொண்டிருந்தபோது என் மாமியார் வந்து, "ஏம்மா, குழந்தைக்கு எவனோ வைரம் தரேன்னு சொல்லியிருக்கானாம். என்னன்னு கொஞ்சம் கேளு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்குத் தந்தாலும் தேவலை அத்தை, தோடு பண்ணிக்கலாம்" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். அவர் போகவில்லை. "சிரிக்காதேம்மா, அவன் அழறான்" என்றார். கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்தேன்.

வைரம் என்றால் நிஜ வைரம் இல்லை. பசங்கள் ஆடும் துப்பாக்கி சுடும் விளையாட்டில் 'டைமண்ட்' என்று ஒன்று இருக்கிறதாம். நம் பணத்தைக் கொடுத்து அதை வாங்கினால் விளையாட்டில் வரும் பொம்மைக்குச் சட்டை, தொப்பி, புதுத் துப்பாக்கி எல்லாம் கிடைக்கும். கூட ஆடுகிறவன் ஒருவன், "நான் உனக்கு டைமண்ட் அனுப்புகிறேன், நீ உன் போட்டோ அனுப்பு" என்றிருக்கிறான். இவனும் ஸ்கூல் யூனிஃபார்மில் இருக்கும் போட்டோவை அனுப்பிவிட்டான். அடுத்த நாள் சட்டையில்லாமல் ஒன்று கேட்டிருக்கிறான். இவன் மாட்டேன் என்றதும், "உன் ஸ்கூல் பெயர் எனக்குத் தெரியும், உங்க பிரின்ஸிபாலுக்கு எழுதுகிறேன்" என்று மிரட்டல். சட்டையில் பள்ளிக்கூட பேட்ஜ் இருந்ததே!

ஒன்பது நாள் இதை மனசிலேயே வைத்துக் கொண்டிருந்தான். டிபன் பாக்ஸ் பாதி அப்படியே திரும்பி வந்தது. நான் வயிற்றுக் கோளாறு என்று ஓமக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன். பெற்றவள் எனக்குத் தெரியவில்லை.

"ஏண்டா, என்கிட்ட ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். "நீ போனைப் பிடுங்கிடுவே. பாட்டியாலே பிடுங்க முடியாது" என்றான். கோடை விடுமுறையில், "இனிமேல் இந்தப் போனால ஏதாவது வம்பு வந்துது, அம்மிக்கல்லுல வெச்சு உடைச்சுடுவேன்" என்று நான் கத்தியது அவன் காதில் அப்படியே நின்றிருக்கிறது.

என் கணவர் அன்றைக்கே விளையாட்டு, சாட் எல்லாவற்றையும் அழித்துத் தலை முழுகச் சொன்னார். நல்ல வேளை, எதிர் ஃபிளாட்டில் சட்டம் படிக்கும் பெண் தடுத்தாள். "அழிக்காதீங்க ஆன்ட்டி, அவன் எழுதினதை எல்லாம் படம் பிடிச்சு வெச்சுட்டு அப்புறம் பிளாக் பண்ணுங்க" என்று சொல்லி, சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்கிற மத்திய அரசின் தளத்தில் புகார் பதிவு செய்து கொடுத்தாள். அதில் பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகார்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம். 1930 சைபர் குற்றங்களுக்கான எண், 1098 குழந்தைகளுக்கான எண். காலண்டர் பக்கத்தில் இரண்டையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். அந்த ஆள் யார் என்று இன்று வரை தெரியவில்லை. பள்ளிக்கு நானே போய் வகுப்பு டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் பையன் ஒழுங்காகச் சாப்பிட்டான்.

இனி பேப்பரில் வருகிற விஷயத்துக்கு வருகிறேன். நான் பத்தாவது வரைதான் படித்தவள். தப்பு இருந்தால் படித்த சகோதரிகள் திருத்தட்டும்.

ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், டிக்டாக் மாதிரி தளங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று 2024 நவம்பரில் சட்டம் போட்டார்கள். 2025 டிசம்பர் 10 முதல் அமலுக்கு வந்தது. மீறினால் அபராதம் கம்பெனிக்குத்தான். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை. அதே டிசம்பரில் நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், அது மாதிரி ஒரு சட்டம் கொண்டு வருவது பற்றி மத்திய அரசு யோசிக்கலாம் என்று கருத்து சொன்னது. எங்கள் தெருவில் மாவு மில்லில் காத்திருக்கும்போது கூட இதே பேச்சு. "போட்டுடட்டும், நமக்கும் நிம்மதி" என்றார்கள் எல்லோரும். நானும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தால்தான் இடிக்கிறது. ஆஸ்திரேலியாவின் தடையில் ஆன்லைன் விளையாட்டுகள் இல்லை. வாட்ஸ்அப் மாதிரி செய்தி அனுப்புகிறவையும் இல்லை. என் பையனுக்கு ஆபத்து வந்ததோ விளையாட்டு வழியாக! அந்தச் சட்டம் அப்படியே இங்கே வந்திருந்தாலும் அந்த வைரக்காரன் அவனிடம் பேசித்தான் இருப்பான்.

இன்னொன்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அந்த விளையாட்டு என் பெயரில், என் ஈமெயிலில் இருந்தது. வயது 36. எங்கள் வீட்டில் பையன் தொடும் ஒரே போன் என்னுடையது. 2020-ல் கொரோனா சமயத்தில் ஆன்லைன் வகுப்புக்காகத் தவணையில் வாங்கியது. ஆக, கம்பெனியின் கணக்கில் விடிய விடியத் துப்பாக்கி சுட்டுக் கொண்டிருந்தது மேற்கு மாம்பலத்துக் குடும்பத் தலைவி ஒருத்தி. நம் நாட்டில் 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. அதன்படி 18 வயது ஆகாதவர்களின் விவரங்களை வாங்க அப்பா அம்மாவின் சம்மதம் வேண்டும், குழந்தைகளைக் குறி வைத்து விளம்பரம் காட்டக் கூடாது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நடைமுறைக்குக் கொண்டு வர கம்பெனிகளுக்கு 18 மாதம் அவகாசம். நல்ல சட்டம்தான். ஆனால் பிள்ளை அம்மா பெயரில் ஆடினால், யார் யாரிடம் சம்மதம் கேட்பது? ஓ.டி.பி. வருவதும் அதே போனுக்குத்தான்; அதைப் படித்துச் சொல்வதும் அவன்தான். எனக்குக் கண்ணாடி போட்டால்தான் தெரியும்!

தடை என்பது நாம் பார்க்காததா? டிக்டாக்கை 2019 ஏப்ரலில் மதுரைக் கிளை தடுத்தது. அந்த மாதமே தடை விலகியது. பிறகு 2020 ஜூனில் மத்திய அரசு மொத்தமாகத் தடை செய்தது. உடனே பசங்கள் ரீல்ஸுக்குப் போனார்கள். பப்ஜியை 2020 செப்டம்பரில் தடை செய்தார்கள். அடுத்த வருஷம் ஜூனில், அதே விளையாட்டை யூடியூபில் ஆடிக் காட்டிக் கொண்டே ஆபாசமாகப் பேசினார் என்ற புகாரில் ஒருவரை தர்மபுரியில் போலீசார் கைது செய்தார்கள், ஞாபகம் இருக்கும். அவர் பேச்சை ராத்திரி ராத்திரி உட்கார்ந்து கேட்டவர்கள் யார்? தடை போட்டு ஒன்பது மாதம் கழித்தும் நம் வீட்டுப் பசங்கள்தானே.

தடைக்கு எதிராக நான் பேசவில்லை. பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடுத்ததும், அதற்கு முன்பே தமிழ்நாடு 2022-ல் சட்டம் கொண்டு வந்ததும் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றும். ரம்மியில் மாதச் சம்பளத்தைத் தொலைத்தவர் கதை எங்கள் சொந்தத்திலேயே உண்டு. அதில் எனக்கு மறுபேச்சே இல்லை.

நான் அதிகம் யோசித்தது அம்பத்தூர் வழக்கைப் பற்றி. குழந்தைகளை வைத்து எடுத்த ஆபாச வீடியோக்களைப் போனில் வைத்திருந்ததாக ஒருவர் மீது அம்பத்தூர் மகளிர் போலீசார் 2020-ல் வழக்குப் போட்டார்கள். 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், தனியாகப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று வழக்கை ரத்து செய்தது. அதே வருஷம் செப்டம்பர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பு தவறு என்று சொல்லி வழக்கை மறுபடி நடத்தச் சொன்னது. 'குழந்தை ஆபாசப் படம்' என்ற பேரே தப்பு, அது குழந்தையைச் சுரண்டிக் கொடுமைப்படுத்தியதற்கான சாட்சி, அப்படித்தான் அதைச் சொல்ல வேண்டும் என்றும் நீதிபதிகள் எழுதினார்கள். படித்ததும் எனக்கு அந்த வைரக்காரன்தான் கண் முன் வந்தான். சட்டையில்லாத அந்தப் போட்டோவை என் பையன் அனுப்பியிருந்தால் அது எங்கே போயிருக்கும், எத்தனை பேர் போனில் உட்கார்ந்திருக்கும்? பார்க்கிறவன் இருப்பதால்தானே கேட்கிறவன் வருகிறான்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் "இந்தக் கொடுமையைப் பாருங்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று குழந்தை சம்பந்தப்பட்ட வீடியோ வந்தால் பரிதாபப்பட்டுக் கூட அனுப்பாதீர்கள். அப்படிப்பட்டதைப் பரப்புவது ஐ.டி. சட்டத்தில் குற்றம், முதல் தடவைக்கே ஐந்து வருஷம் வரை ஜெயில். என் நாத்தனார் இப்படி ஒன்றை அனுப்பப் போனதை நான்தான் தடுத்தேன். "நல்லதுக்குத்தானே அனுப்பறேன்" என்று கோபித்துக் கொண்டு இரண்டு நாள் பேசவில்லை.

இன்டர்நெட்டே வேண்டாம் என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்களுக்குப் பக்கத்தில்தான் கே.கே. நகர். 2021 மே மாதம் அங்கே ஒரு பெரிய பள்ளியின் ஆசிரியர் ஆன்லைன் வகுப்பிலும் வெளியிலும் மாணவிகளிடம் தவறாக நடந்தார் என்ற புகாரில் கைதானார். அது வெளியே வந்தது எப்படி? இன்ஸ்டாகிராமில்! படித்து முடித்துப் போன பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் ஆன்லைன் வகுப்புகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று முதலமைச்சர் உத்தரவு போட்டார். அது நேரில் சொல்ல முடியாத வார்த்தை. அந்தப் பெண்களுக்குச் சொல்ல ஒரு இடம் இருந்தது. என் பையனுக்கு அந்த இடம் பாட்டியாக இருந்தார். பாட்டி ஊருக்குப் போயிருந்தால்?

இப்போது எங்கள் வீட்டில் அவன் பெயரில், அவன் நிஜ வயதில் கணக்கு. கூகுளின் ஃபேமிலி லிங்க் போட்டிருக்கிறேன். புதிதாக எது இறக்கினாலும் என்னைக் கேட்கும், ராத்திரி ஒன்பதுக்குப் பூட்டிக் கொள்ளும். ஆனால் விளையாட்டுக்குள் யார் பேசுகிறார்கள் என்று அது சொல்லாது. அதனால் சாட்டையும் மைக்கையும் அவனை விட்டே அணைக்க வைத்தேன். போன் கூடத்தில்தான் இருக்க வேண்டும், எங்களுடையதும் சேர்த்து. என் கணவருக்குத்தான் இது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது!

போன வாரம் நான் தோசை வார்த்துக் கொண்டிருந்தேன். போனோடு சமையல்கட்டுக்கு வந்தான். "அம்மா, ஒருத்தன் புதுசா ஃப்ரெண்ட் கேட்டிருக்கான். எந்த ஸ்கூல்னு கேக்கறான். நான் இன்னும் சொல்லலை" என்றான். எனக்குப் பிடுங்கத்தான் கை வந்தது. தோசைத் திருப்பியை இறுக்கிப் பிடித்துக் கொண்டு, "சரி, அப்புறம் என்ன கேட்டான்?" என்றேன். தோசை கருகிவிட்டது. அவன் முழுக்கச் சொல்லி முடித்தான்.

ஒரே போனை வைத்துக் கொண்டு, வளர்ந்த பிள்ளைகளையும் வைத்துக் கொண்டு நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? பெண் குழந்தைகள் உள்ள சகோதரிகள் கட்டாயம் எழுதுங்கள்.

— ஒரு வாசகி, மேற்கு மாம்பலம், சென்னை-33.