சிவப்புப் பூச்சாண்டி: வீலிங்கும் சேலமும்

நாமகிரிப்பேட்டைப் பக்கம் பிப்ரவரி மாதம் என்றால் மஞ்சள் வெட்டு. காட்டில் கிழங்கு தோண்டும் பெண்களுக்கும், கொப்பரையில் மஞ்சள் வேகவைக்கும் ஆட்களுக்கும், மூட்டை சுமக்கும் தோழர்களுக்கும் நிமிர நேரமிருக்காது. அந்த மாதத்தில் 11-ந் தேதி ஒன்று வருகிறது. சேலத்திலும் சுற்று வட்டாரத்திலும் அன்று சிவப்புக் கொடி தாழ்ந்து பறக்கும். ஏன் என்று இளம் தோழர்கள் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்ல முதலில் கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போக வேண்டியிருக்கிறது.

1950-ம் வருஷம் பிப்ரவரி 9-ந் தேதி, மேற்கு வர்ஜீனியா ராஜ்யத்தில் வீலிங் என்ற ஊரில், குடியரசுக் கட்சிப் பெண்கள் சங்கத்தார் லிங்கன் தினக் கூட்டம் நடத்தினார்கள். ஜோசப் மெக்கார்த்தி என்று ஒரு செனட்டர் பேச வந்தார். அதற்கு முன் அந்த மனிதரை நாட்டில் அதிகம் பேருக்குத் தெரியாது. வெளிநாட்டு இலாகாவில் புகுந்திருக்கும் கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தம் கையில் இருக்கிறது என்று அவர் முழங்கினார். 205 பேர் என்றார் என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதிற்று. மறுநாள் வேறோர் ஊரில் அது 57 ஆயிற்று. பத்து நாள் கழித்து செனட் சபையில் 81 ஆயிற்று. சந்தையில் மாட்டுத் தரகர்கூட துண்டுக்கடியில் விரல் பிடித்தபின் இப்படி விலை மாற்ற மாட்டார்! ஆனால் பத்திரிகைகள் அதைத் தலைப்பில் போட்டன, நாடு நடுங்கிற்று.

இரண்டே நாள் கழித்து, பிப்ரவரி 11-ந் தேதி, சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்டுக் கைதிகள் மீது சிறைக் காவலர்கள் சுட்டார்கள். 22 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் அன்று சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்திருந்த மலபார் ஜில்லா விவசாயிகள். நம் தமிழ்த் தோழர்களும் அவர்களில் இருந்தார்கள். எங்களை அரசியல் கைதிகளாக நடத்துங்கள், திருடனையும் கொள்ளைக்காரனையும் நடத்துவதுபோல் நடத்தாதீர்கள் என்பதே அவர்களுடைய கோரிக்கை. வெள்ளைக்காரன் சிறையில் காங்கிரஸ்காரர்கள் கேட்டதும் இதே கோரிக்கைதான். இந்தியா குடியரசாகி, அரசியல் சட்டம் அமலுக்கு வந்து அன்றைக்கு 16 நாள் ஆகியிருந்தது.

வீலிங்கில் பேசியதால் சேலத்தில் சுட்டார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் மெக்கார்த்தி வேலைதான். சேலத்தில் துப்பாக்கியை நீட்டியவர்களுக்கு வாஷிங்டன் உபதேசம் தேவைப்படவில்லை. சென்னை சர்க்கார் 1949-லேயே கட்சியைச் சட்டவிரோதமாக்கிவிட்டது. கட்சியும் 1948-ல் கல்கத்தா மாநாட்டில் எடுத்த பாதை தவறு என்று பிற்பாடு தானே ஒப்புக்கொண்டு, 1951-ல் அதைக் கைவிட்டது. இதை மறைப்பதில் நமக்கு லாபமில்லை. ஆனால் ஒரு கட்சியின் கொள்கை தப்பு என்பதற்காக, பூட்டிய சிறைக்குள் ஆயுதமில்லாமல் நின்றவர்களைச் சுடலாம் என்று எந்த அரசியல் சட்டம் சொல்கிறது? இரண்டு தேசங்களிலும் ஒரே காலத்தில் ஒரே பூச்சாண்டி எப்படி வந்தது, அதைக் காட்டி யார் எதைச் சாதித்துக்கொண்டார்கள் என்பதே கேள்வி.

அமெரிக்காவில் அது மெக்கார்த்தியோடு துவங்கவில்லை. யுத்தம் முடிந்ததும் விலைவாசி ஏறிற்று, கூலி ஏறவில்லை. 1946-ல் மட்டும் 46 லட்சம் தொழிலாளர்கள் அங்கே வேலைநிறுத்தம் செய்தார்கள். எஃகு, மோட்டார், நிலக்கரி, ரயில்வே என்று துறைக்குத் துறை. அமெரிக்க சரித்திரத்தில் அதற்குமுன் அப்படி ஒரு வருஷம் கிடையாது. முதலாளிகளுக்கு வயிற்றைக் கலக்கியது இதுதான். அடுத்த வருஷமே, 1947 ஜூனில், டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் வந்தது. ஜனாதிபதி ட்ரூமன் அதைத் திருப்பி அனுப்பியும் காங்கிரஸ் சபை மீண்டும் ஓட்டெடுத்து நிறைவேற்றிவிட்டது. அனுதாப வேலைநிறுத்தம் போன்ற ஆயுதங்களை அந்தச் சட்டம் தொழிலாளியின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. அதோடு, தொழிற்சங்க நிர்வாகிகள் ஒவ்வொருவரும் "நான் கம்யூனிஸ்டு அல்ல" என்று பிரமாணப் பத்திரம் எழுதித் தரவேண்டும். தராத சங்கத்தை தொழில் உறவு போர்டு ஏறெடுத்தும் பார்க்காது. முதலாளி இப்படி எந்தப் பிரமாணமும் எழுதித் தர வேண்டியதில்லை! பயந்துபோன சி.ஐ.ஓ. சம்மேளனம் 1949-50-ல் தன் சொந்தச் சங்கங்களில் 11-ஐ வெளியே தள்ளிற்று.

பஞ்சாலைத் தோழர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் தெற்கு ராஜ்யங்களில்தான் பருத்தி மில்கள் அதிகம், கூலி குறைவு, சங்கம் கிடையாது. 1946-ல் சி.ஐ.ஓ. அங்கே சங்கம் கட்ட ஒரு பெரிய இயக்கம் துவக்கிற்று. மில் முதலாளிகள் இரண்டு ஆயுதம் எடுத்தார்கள். இந்தச் சங்கத்தில் சேர்ந்தால் நீக்ரோ தொழிலாளி உன் பக்கத்தில் சமமாக உட்காருவான் என்றார்கள் வெள்ளைத் தொழிலாளியிடம். இவர்கள் மாஸ்கோவின் ஆட்கள் என்றார்கள் ஊர்க்காரர்களிடம். இயக்கம் தோற்றது. இரண்டாவது ஆயுதம் நமக்கும் பழக்கமானது. முதலாவது? நீக்ரோ என்ற இடத்தில் சேரிக்காரன் என்று போட்டுப் படித்தால் நம் தாலுகா சமாசாரம்தானே அது. கோடைக் காலத்தில் களைவெட்டுக் கூலி கேட்டுக் கூட்டம் போட்ட எந்தத் தோழருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

விவசாயக் கூலிகள் கதை இன்னும் மோசம். தொழிலாளர் சங்கம் சேரும் உரிமைக்காக ரூஸ்வெல்ட் காலத்தில், 1935-ல், வந்த சட்டத்திலேயே விவசாயத் தொழிலாளியும் வீட்டு வேலைக்காரர்களும் விலக்கப்பட்டார்கள். தெற்கு ராஜ்யங்களில் இந்த இரண்டு வேலைகளிலும் நிறைந்திருந்தது கறுப்பு ஜனங்கள்தான். பண்ணையார்களின் பிரதிநிதிகள் ஓட்டு இல்லாமல் சட்டம் நிறைவேறாது என்று விலக்கிவிட்டார்கள். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1938-ல் வந்தது. பண்ணைக் கூலிகளில் ஒரு பகுதியினருக்காவது அது எட்டியது 1966-ல்தான். நம் நாட்டில் 1948-ம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் அட்டவணையில் விவசாயம் ஆரம்பத்திலேயே இடம்பெற்றது. காகிதத்தில் நாம் அமெரிக்காவுக்கு முன்னே; களத்து மேட்டில் எங்கே என்று கூலி வாங்கும் கையைக் கேட்டால் தெரியும்.

பூச்சாண்டிக்குச் சினிமாக்காரர்களும் தப்பவில்லை. 1947-ல் ஹாலிவுட் எழுத்தாளர்கள், டைரக்டர்கள் பத்துப் பேர், நீ கம்யூனிஸ்டா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்தார்கள். 1950-ல் சிறை சென்றார்கள். வெளியே வந்தால் வேலை கிடையாது. அவர்களில் டால்டன் ட்ரம்போ என்பவர் பொய்ப் பெயரில் கதை எழுதிப் பிழைத்தார். 1956-ம் வருஷத்துப் படக்கதைக்கான ஆஸ்கார் பரிசு "ராபர்ட் ரிச்" என்பவருக்கு அறிவிக்கப்பட்டது. மேடைக்கு வந்து வாங்க அப்படி ஒரு மனிதரே கிடையாது! நம் டூரிங் கொட்டகை மண்தரையில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்து ஜனங்கள் பார்த்த சார்லி சாப்ளினை, 1952 செப்டம்பரில் அவர் கப்பலில் லண்டன் போய்க்கொண்டிருந்தபோது, திரும்பி வர அனுமதி இல்லை என்று வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். பாட்டாளிகளின் பாடகர் பால் ராப்சனுடைய பாஸ்போர்ட்டை 1950-ல் பறித்தார்கள்; எட்டு வருஷம் அவர் நாட்டுக்குள்ளேயே அடைபட்டிருந்தார். 1958-ல் அவருடைய அறுபதாவது பிறந்த நாளை இந்தியாவில் விழாவாகக் கொண்டாடினார்கள். நேரு அதற்கு ஆதரவு தந்தார்.

ரோசன்பர்க் தம்பதியை 1953 ஜூன் 19-ந் தேதி மின்சார நாற்காலியில் கொன்றார்கள். இருவரும் முழுக்க நிரபராதிகள் என்று நம் பத்திரிகைகள் அன்று எழுதின. 1995-ல் வெளியான அமெரிக்க சர்க்காரின் ரகசியத் தஸ்தாவேஜுகள், கணவர் ஜூலியஸ் சோவியத்துக்குத் தகவல் கொடுத்தார் என்று காட்டுகின்றன. உண்மையை உண்மை என்றுதான் எழுத வேண்டும். ஆனால் இரண்டு சிறு குழந்தைகளை அநாதையாக்கிய அந்தத் தண்டனைக்கு அது நியாயமாகிவிடாது. அதேபோல் சிவப்புக் கொடி பறந்த தேசத்திலும் அக்காலத்தில் அபிப்பிராயத்துக்காக மனிதர்கள் சிறையில் வாடியதை 1956-க்குப் பிறகு நாம் அறிவோம். அங்கே நடந்தது இங்கே நடந்ததற்கு மன்னிப்பு ஆகாது. இங்கே நடந்தது அங்கே நடந்ததற்கும் ஆகாது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். சேலம் துப்பாக்கிச் சூடு நடந்த அதே பிப்ரவரிக் கடைசியில், உள்நாட்டு மந்திரி படேல் கொண்டுவந்த தடுப்புக் காவல் சட்டம் டில்லியில் நிறைவேறிற்று. தோழர் ஏ.கே.கோபாலன் 1947 டிசம்பரிலிருந்து சென்னை ராஜ்யச் சிறைகளில் இருந்தார். கோர்ட்டுகள் தண்டனையை ரத்து செய்தாலும் கதவு திறக்கவில்லை. மார்ச் 1-ந் தேதி புதிய சட்டத்தின் கீழ் புதிய உத்தரவு அவர் கையில் கொடுக்கப்பட்டது. அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். வக்கீல் எம்.கே.நம்பியார் வாதாடினார்.

இங்கேதான் அமெரிக்கா இன்னொரு வாசல் வழியாக உள்ளே வருகிறது. முறையான, நியாயமான சட்ட நடவடிக்கை இல்லாமல் யாருடைய சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்பது அமெரிக்க அரசியல் சட்டத்தின் வாசகம். நம் நகலிலும் முதலில் அது இருந்தது. அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என்.ராவ் 1947-ல் அமெரிக்கா போனபோது, அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் நீதிபதி பிராங்க்பர்ட்டர் அந்த வாசகம் வேண்டாம் என்று யோசனை சொன்னார். அதற்கு அவருடைய காரணம் வேறு: அமெரிக்க நீதிபதிகள் அந்த வாசகத்தைப் பிடித்துக்கொண்டு கூலிச் சட்டங்களையும் வேலைநேரச் சட்டங்களையும் வெட்டித் தள்ளிய அனுபவம் அது. தொழிலாளிக்கு உதவும் சட்டம் கோர்ட்டில் சாகக் கூடாது என்று சொல்லப்பட்ட யோசனை! அதன் விளைவாக "சட்டம் நிர்ணயித்த நடைமுறை" என்ற சொற்கள் வந்தன. அந்தச் சொற்கள்தான் கோபாலனைச் சிறையில் வைத்தன. சட்டசபை ஒரு சட்டம் போட்டுவிட்டால் போதும், அது நியாயமா என்று கோர்ட் கேட்காது என்பது 1950 மே 19-ந் தேதித் தீர்ப்பின் சாரம். பிடித்த காரணத்தைக் கோர்ட்டில்கூடச் சொல்லக் கூடாது என்ற ஒரு பிரிவு மட்டும் செல்லாது என்றார்கள். நீதிபதி பஸல் அலி மாறுபட்டு எழுதினார்.

ஒரு வாரம் கழித்து மே 26-ந் தேதி வேறொரு தீர்ப்பு. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகை சென்னை ராஜ்யத்துக்குள் வரக்கூடாது என்று சர்க்கார் போட்ட தடை செல்லாது என்றது சுப்ரீம் கோர்ட். எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி. (கோபாலனுக்காக நின்ற பஸல் அலி இதில் எதிர்ப்பக்கம் என்பது வேடிக்கை.) சர்க்கார் சும்மா இருந்ததா? 1951 ஜூன் மாதம் அரசியல் சட்டத்தையே திருத்திவிட்டது. பொது ஒழுங்கு, அந்நிய நாடுகளுடன் நட்பு என்ற பெயர்களில் பேச்சுச் சுதந்திரத்துக்குப் புதிய கடிவாளங்கள் வந்தன.

அந்த ஜூன் மாதத்தை ஒரு காலண்டரில் பாருங்கள். 4-ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட், கம்யூனிஸ்டுத் தலைவர்கள் 11 பேரின் சிறைத் தண்டனையை உறுதி செய்தது. அவர்கள் குண்டு வைத்ததாக வழக்கில்லை. போதித்ததும் அமைப்புச் சேர்த்ததும்தான் குற்றம். 15-ந் தேதி, பஞ்சத்தில் தவித்த இந்தியாவுக்கு 19 கோடி டாலர் தானியக் கடன் தரும் சட்டத்தில் ட்ரூமன் கையெழுத்திட்டார். கொரியா விஷயத்தில் இந்தியா தலையாட்டவில்லை என்று அதை மாதக் கணக்கில் இழுத்தடித்திருந்தார்கள். 18-ந் தேதி நம் அரசியல் சட்டத் திருத்தம் அமலாயிற்று. மூன்றையும் ஒரே கயிற்றில் கட்ட நம்மிடம் ஆதாரமில்லை, கட்டவும் மாட்டோம். அந்தக் காலத்தில் காற்று எந்தத் திசையில் அடித்தது என்பதற்கு மட்டும் இதைச் சொல்கிறோம்.

காற்று திரும்பியது. 1952 தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரஸ் 152 தான் பிடித்தது. கம்யூனிஸ்டுகள் 62 இடம். கோபாலன் கண்ணூரிலிருந்து பார்லிமெண்டுக்குப் போனார். மெக்கார்த்தியை 1954 டிசம்பரில் அவருடைய செனட் சபையே 67-க்கு 22 ஓட்டில் கண்டித்தது. அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1957-ல் தன் பழைய தீர்ப்பின் பல்லைப் பிடுங்கிற்று. பஸல் அலியின் கருத்து 1978-ல் மேனகா காந்தி வழக்கில் வென்றது. நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று கோர்ட் சொல்லிற்று.

பூச்சாண்டி போய்விட்டது என்று யாராவது சொன்னால் சட்டப் புத்தகத்தைப் புரட்டுங்கள். சில காலத்துக்கு என்று சொல்லி வந்த 1950-ம் வருஷத்துச் சட்டம் நீட்டி நீட்டி 1969 வரை இருந்தது. 1971-ல் மிசா வந்தது. அவசர நிலையில் அதன் ருசியைக் காங்கிரஸ்காரர்களின் பழைய நண்பர்களும் கண்டார்கள். மிசா போயிற்று, 1980-ல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1982-ல் தமிழ்நாட்டுக்குத் தனியாகக் குண்டர் சட்டம். தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒருவரைக் குற்றச்சாட்டு, விசாரணை, சாட்சி எதுவும் இல்லாமல் 12 மாதம் வைக்கலாம். ஆலோசனைக் குழுவின் முன் போகும்போது வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை அவருக்குக் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாத மஞ்சள் காட்டுக் கூலியானாலும் தன் வழக்கைத் தானே பேச வேண்டும்.