டிராக்டருக்கு மின்விசிறி தேவைதானா?

பழைய ஜீப்புகளில் பெல்ட்டால் சுழலும் ரேடியேட்டர் விசிறியைக் கழற்றிவிட்டு, பேட்டரி மின்சாரத்தில் ஓடும் விசிறியைப் பொருத்துவதுண்டு. இதையே டிராக்டருக்கும் செய்தால் டீசல் மிச்சமாகும், என்ஜின் சூடாகாது என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். ஜீப்புக்கு நல்லதெல்லாம் டிராக்டருக்கும் நல்லதாகிவிடாது. கடன் வாங்கி டிராக்டர் வைத்து, சொந்த நிலம் போக வாடகை உழவும் ஓட்டிப் பிழைக்கும் சிறு விவசாயி, இதில் பணம் போடுமுன் சில கணக்குகளைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

டீசல் என்ஜினில் எரியும் எண்ணெயின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மீதி வெப்பத்தில் பெரும்பகுதியை ரேடியேட்டர் தண்ணீர்தான் சுமந்து வந்து காற்றில் விட வேண்டும். சாலையில் விரைந்து போகும் ஜீப்புக்கு எதிர்காற்றே இந்த வேலையில் பாதுகாப்பாக அமைகிறது. ரோட்டாவேட்டர் இழுக்கும் டிராக்டரோ மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. அதே நேரத்தில் என்ஜின் முழுச் சுமையில் உழைக்கிறது. சித்திரை வெயிலில் கோடை உழவு செய்யும்போது ரேடியேட்டருக்கு விசிறி தரும் காற்றைத் தவிர வேறு காற்று கிடையாது.

ஜீப்புக்கு மின்விசிறி பொருந்துவதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. பெல்ட் விசிறியின் வேகம் இருமடங்கானால் அது இழுக்கும் சக்தி எட்டு மடங்காகிறது. எதிர்காற்று போதுமானதாக இருக்கும் சாலை ஓட்டத்தில் இது வீண் செலவு. மலையேற்றத்தில் என்ஜின் மெதுவாகச் சுற்றினாலும் மின்விசிறியின் வேகம் குறையாது. ஓடையைக் கடக்கும்போது பெல்ட் விசிறி தண்ணீரில் அடிபட்டு, இறக்கை வளைந்து, ரேடியேட்டரையே கிழித்துவிடலாம். மின்விசிறியானால் ஒரு சுவிட்சில் நிறுத்திக்கொள்ளலாம். ஆகவே மலைத் தோட்டங்களில் ஜீப் வைத்திருப்போர் இந்த மாற்றத்தைச் செய்வதில் நியாயம் இருக்கிறது. டிராக்டருக்கு இந்தக் காரணங்களில் ஒன்றும் பெரிதாகப் பொருந்தாது.

இனி மின்சாரக் கணக்கைப் பார்க்கலாம். பெல்ட் விசிறி ஒரு குதிரைத்திறன் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். அது 746 வாட்டுக்குச் சமம். பல டிராக்டர்களில் உள்ள ஆல்டர்னேட்டர் 12 வோல்ட், 36 ஆம்பியர் வகையைச் சேர்ந்தது. அது முழுமூச்சில் கொடுத்தாலும் சுமார் 500 வாட்தான் கிடைக்கும். அதற்குள் விளக்கும் எரிய வேண்டும், பேட்டரியும் சார்ஜ் ஆக வேண்டும். பழைய டைனமோ பூட்டிய டிராக்டர்களில் நிலைமை இன்னும் மோசம். எனவே பொருத்தப்படும் மின்விசிறி பழைய விசிறியைவிடக் குறைந்த காற்றையே தரும்; அல்லது பேட்டரியைக் காலியாக்கும்.

டீசல் மிச்சம் என்ற பேச்சும் பாதி உண்மையே. ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ கால் லிட்டர் டீசல் செலவாகிறது. ஆண்டுக்கு 500 மணி நேரம் ஓடும் டிராக்டரில் அது 125 லிட்டர் என்று காகிதத்தில் வரும். ஆனால் மின்விசிறிக்கு வேண்டிய மின்சாரத்தையும் அதே என்ஜின்தான் உண்டாக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் தான் எடுக்கும் சக்தியில் பாதிக்குச் சற்று மேல்தான் மின்சாரமாகத் திருப்பித் தரும். விசிறி மோட்டாரிலும் ஒரு பகுதி வீணாகும். ஆகவே விசிறி நின்றிருக்கும் நேரத்தில் மட்டுமே மிச்சம் கிடைக்கும். முழுச் சுமை உழவில் விசிறி நிற்கும் நேரம் மிகக் குறைவு.

பெல்ட் அறுந்தாலும் மின்விசிறி ஓடும் என்பது மற்றொரு வாதம். பெரும்பாலான டிராக்டர்களில் ஒரே பெல்ட்தான் விசிறியையும் தண்ணீர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்தால் பம்பு நின்றுவிடும், தண்ணீர் சுழலாது. அப்போது விசிறி ஓடி என்ன பயன்?

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பழைய வகை டீசல் என்ஜின் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால், பேட்டரி செத்துப்போனாலும் ஓடிக்கொண்டிருக்கும். பெல்ட் விசிறியும் கூடவே சுற்றும். மின்விசிறி பூட்டிய பிறகு பியூஸ், ரிலே, வெப்ப சுவிட்ச், வயர் ஆகிய நான்கில் ஒன்று பழுதானாலும் விசிறி நின்றுவிடும். சேற்றுழவுத் தண்ணீரும் கொட்டகை எலியும் வயருக்கு எதிரிகள். விசிறி நின்றதை ஓட்டுநர் கவனிப்பதற்குள் ஹெட் வளைந்து, கேஸ்கட் எரிந்து, செலவு பல ஆயிரங்களைத் தொட்டுவிடும். பதம் பார்த்து உழ வேண்டிய நாளில் டிராக்டர் பட்டறையில் நின்றால் நஷ்டம் அதன் சொந்தக்காரருக்கு மட்டுமல்ல. அதை நம்பியிருக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும்தான்.

என்ஜின் சூடாவதற்குக் காரணம் பெரும்பாலும் விசிறியின் வகையல்ல. பராமரிப்பில் உள்ள குறையே. வைக்கோல் கட்டும்போதும் கதிரடிக்கும்போதும் தூசியும் பதரும் ரேடியேட்டர் இடுக்குகளை அடைத்துவிடுகின்றன. என்ஜின் ஆறிய பிறகு, விசிறிப் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி மிதமான காற்றையோ தண்ணீரையோ செலுத்திச் சுத்தம் செய்ய வேண்டும். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் தாழலாம்; சரியான அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். விசிறியைச் சுற்றியுள்ள தகட்டுக் கூட்டைக் கழற்றி எறிவது பெருந்தவறு. அது இல்லாவிட்டால் விசிறி ரேடியேட்டர் முழுவதிலும் காற்றை இழுக்காது. உப்புள்ள ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் உள்ளே படிவு கட்டும். நல்ல தண்ணீரில் குளிர்விப்பான் திரவத்தை உரிய அளவு கலந்து ஊற்றுவதே சிறந்தது. சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போடக் கூடாது. சில என்ஜின்களில் அதை எடுத்துவிட்டால் சுடுதண்ணீர் ரேடியேட்டருக்குள் போகாமலே சுற்றும். ரேடியேட்டர் மூடி அழுத்தம் தாங்கும் மூடியாகவே இருக்க வேண்டும். ஒரு சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் காக்கும் மூடி, தண்ணீர் கொதிக்கும் நிலையை 100 டிகிரியிலிருந்து ஏறத்தாழ 111 டிகிரி சென்டிகிரேடுக்கு உயர்த்துகிறது. என்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும் என்பதையும் மறக்கலாகாது.

இவ்வளவும் செய்த பிறகும் சூடு குறையவில்லை என்றால், தண்ணீர் பம்பையும் கேஸ்கட்டையும் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். புதிய டிராக்டரில் விசிறியை மாற்றினால் நிறுவனத்தின் உத்தரவாதத்தை இழக்கவும் நேரலாம். மின்விசிறிக்கென்று எடுத்து வைத்த பணத்தில் ஒரு நல்ல பெல்ட்டும், ஒரு புதிய மூடியும், சரியாக வேலை செய்யும் ஒரு வெப்பமானியும் வாங்கிப் பூட்டுவதே சிறு விவசாயிக்கு ஏற்ற வழியாகும்.