முன்பணமும் பொழுதுபோக்கும்

அமெரிக்காவில் 25-ல் ஒரு பங்கு அளவில் மோட்டார் கார் மாதிரிகள் செய்யும் அன்பர்கள் அநேகர். அவர்களுள் சிலர், பெரிய கம்பெனிகள் வெளியிடாத கார்களை ரப்பர் அச்செடுத்து, ரெசின் என்னும் செயற்கைப் பிசினில் வார்த்து விற்கிறார்கள். கண்விழித்துச் செய்கிற வேலை; பாராட்டத்தான் வேண்டும். ஆனால் முன்பணம் வாங்கிக்கொண்டு, மாதக்கணக்கில் பொருளை அனுப்பாமல், கேட்டால், "இது என் பொழுதுபோக்குத்தானே!" என்பவர்களை எப்படி ஒப்புக்கொள்வது?

அந்நாட்டு வருமான வரிச் சட்டம், 5 வருஷத்தில் 3 வருஷம் லாபம் வந்தால் அதை வியாபாரமென்றே அனுமானிக்கிறது. என் கணக்கு அதைவிட எளியது: பிறர் காசு கைக்கு வந்த கணமே பொழுதுபோக்கு முடிந்தது. நஷ்டத்துக்கு விற்றாலும் வாக்கு வாக்குத்தான்.

இன்னொருவர் பாடுபட்டு வார்த்ததில் ஒன்றை வாங்கி, அதிலிருந்தே அச்செடுத்து விற்பவரையோ வியாபாரி என்றுகூடச் சொல்லமாட்டேன், அவர் திருடர்.

பொழுது உம்முடையது, ஐயா. எப்படி வேண்டுமானாலும் போக்கிக்கொள்ளும். பணம் அவருடையது!