பில்லில் ஏறாத எண்கள்

டயர் வாங்கிய பில் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 4011 என்று ஓர் எண் அச்சாகியிருக்கும். ஜிஎஸ்டி கணக்கில் புது டயருக்கான எண் அது, வரித்துறைக்கு வேண்டியது. அந்த டயர் எந்த வாரம் தயாரானது, எத்தனை கிலோ தாங்கும் என்பதுதான் வாங்கிய எனக்கு வேண்டும். அந்த இரண்டும் பில்லில் இருக்காது. டயரின் பக்கவாட்டில், கறுப்பு ரப்பரில் கறுப்பாகவே பொறித்திருப்பார்கள். மாட்டிய பிறகு பார்க்கப் போனால் பாதி நேரம் அந்த எழுத்து வண்டிக்கு உட்பக்கம் திரும்பியிருக்கும்.

நான் வண்டி ஓட்டுகிறவள் இல்லை, கணக்கு எழுதுகிறவள். நவி மும்பை ஐரோலியில் எங்களுக்கு ஒரு பிக்கப் உண்டு. வாஷி மார்க்கெட்டில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றி, செம்பூரிலும் தாராவியிலும் உள்ள நம்மாட்கள் கடைகளில் இறக்குவது என் வீட்டுக்காரருக்கு அன்றாடப் பிழைப்பு. கணபதி சீசனிலும் கல்யாண மாதங்களிலும் பந்தல்காரர்களுக்காக ஜெனரேட்டர் டிராலியைப் பின்னால் மாட்டி இழுப்பது மேல்வரும்படி. டீசலை விட்டால் என் நோட்டில் பெரிய செலவு டயர்தான். அதனால் டயர் கடைக்கு நானும் போகிறேன். “நீ எதுக்கு வெயில்ல வர்ற” என்று கேட்பதை அவர் நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

கடையில் ஆண்கள் இரண்டே கேள்வி கேட்பார்கள். எந்தக் கம்பெனி? என்ன விலை? என் வீட்டுக்காரருக்கு முதல் கேள்வியும் கிடையாது. 1946இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கி டயருக்கு வந்த எம்.ஆர்.எஃப் அவருக்குச் சொந்தக்காரர் மாதிரி. சியட்டின் தொழிற்சாலை கழிமுகத்துக்கு அக்கரையில், பாண்டூப்பிலேயே இருக்கிறது என்று நான் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரண்டும் நல்ல கம்பெனிதான். அவை செய்யும் எல்லா டயரும் எங்கள் வண்டிக்கு ஆகாது என்பதுதான் விஷயம்.

எங்கள் வண்டியின் அளவு 215/75 ஆர் 15. இதே அளவு டயரில்தான் ஆள் ஏறும் பொலேரோ ஜீப்பும் ஓடுகிறது. இரண்டு வண்டிகளின் டயரையும் கடையில் அடுத்தடுத்து நிறுத்தினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஜீப்புக்கானது விலை குறைவு, ஓட்டத்துக்கும் மெத்தென்று இருக்கும். “அளவு ஒண்ணுதானே தங்கச்சி, போட்டுக்கலாம்” என்று சொல்லாத கடை குறைவு. அளவுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்க்க வேண்டும். அதுதான் லோடு இண்டெக்ஸ். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 106 என்றால் 950 கிலோ. பிக்கப்புக்கென்றே வரும் எட்டு ப்ளை எல்.டி (லைட் டிரக்) டயரில் 106/103 என்று போட்டிருக்கும்; இரண்டாவது எண், பின்னால் ஜோடி டயர் போடும் வண்டிகளுக்கு. காற்றும் வேறு. கார் டயர் 35 பவுண்டு பக்கம் நிற்க, எட்டு ப்ளை 65 வரை போகும். இன்னொரு அடையாளமும் உண்டு. ஐ.எஸ்.ஐ முத்திரையோடு உள்ள எண் 15633 என்றால் கார் டயர், 15636 என்றால் சரக்கு வண்டி டயர். இந்த முத்திரை இல்லாமல் டயர் விற்கக் கூடாது என்று 2009இலேயே அரசு ஆணை வந்துவிட்டது.

லோடு ஏற்றியதும் பின் சக்கரங்களை மட்டும் எடை மேடையில் ஏற்றிப் பார்த்தால் கணக்கு புரிந்துவிடும். பின் அச்சில் 1,900 கிலோ இறங்குகிறது என்று வையுங்கள். ஒரு டயருக்கு 950. எல்.டி டயருக்கு அதுவே கடைசிப் படி. 800 கிலோ டயர் மார்க்கெட் கேட்டைத் தாண்டும்போதே தோற்றுப்போனது. வெடிக்கிற நாள்தான் பாக்கி.

இந்த லட்சணத்தில் டிராலி வேறு. இரண்டு சக்கர டிராலி தன் எடையைத் தானே சுமந்து வருகிறது, நாம் சும்மா இழுக்கிறோம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஒழுங்காக ஏற்றிய டிராலி தன் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதத்தைக் கொக்கியின் மேல் வைக்கும். வைக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வாலாட்டும். 1,500 கிலோ ஜெனரேட்டர் என்றால் 150 முதல் 225 கிலோ. கொக்கி பின் அச்சுக்கும் பின்னால் தள்ளி இருப்பதால் முன் சக்கரம் லேசாகி, பின் டயர்களின் மேல் அதைவிடக் கூடுதலாகவே அமுங்கும். எனவே டிராலி இழுக்கிற அன்று தொட்டியில் லோடு குறைய வேண்டும். பந்தல்காரர் “கேபிளும் கம்பியும் இதிலேயே போகட்டும்” என்பார். அந்தச் சண்டையை நான்தான் போடுவேன். கணபதி வருவதோ மழைக்காலத்தில். தானே–பேலாப்பூர் ரோட்டில் தண்ணீர் நிற்கிற நாளில், பின்னாலிருந்து ஒன்றரை டன் தள்ள, பிரேக் பிடிக்கிற வேலையும் அதே டயருக்குத்தான். இரண்டு டயர்தான் வாங்கக் காசிருக்கிறது என்றால் புதியதைப் பின்னால் போடுங்கள். ஸ்டியரிங் முன்னால்தானே என்று முன்னால் மாட்டச் சொல்வார்கள். ஈரத்தில் பின் டயர் பிடி விட்டால் எந்த ஸ்டியரிங்கும் உதவாது.

என் சித்தப்பா மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே பிக்கப்பின் பின்னால் படுக்கை, சமையலறை வைத்த ஒரு வீட்டையே மாட்டிக்கொண்டு விடுமுறைக்குப் போகிறார்கள். டயர் மாற்றும்போது அவனுக்கும் இதே கேள்விதான்: கார் ரகமா, எல்.டியா? கார் ரக டயரைப் பிக்கப்பில் மாட்டினால் அதில் எழுதிய சுமையை 1.10ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே விதி. நம் 800 கிலோ 727 ஆகிவிடும். “இங்க லோடு இண்டெக்ஸ் கேக்காம யாரும் டயர் வாங்க மாட்டாங்கக்கா” என்றான். கொஞ்சம் அளக்கிறான்தான், இருந்தாலும் அவர்கள் பட்டுத் தெளிந்தவர்கள்.

2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடும்போதே மேல் ரப்பர் உரிந்து வண்டிகள் உருண்டன. 271 பேர் இறந்ததாக அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு கணக்கிட்டது. டயரில் குறை என்றது ஃபோர்டு. ஃபோர்டு சொன்ன 26 பவுண்டு காற்று போதாது, 30 இருந்திருக்க வேண்டும் என்றது ஃபயர்ஸ்டோன். காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். மடங்க மடங்கச் சூடேறும். சூட்டில் ஒட்டு விடும். எந்த டயர் ஆபத்தானது, எந்தத் தொழிற்சாலையில் எப்போது செய்தது என்று பிரித்தறிய உதவியது பக்கவாட்டில் இருந்த குறியீடுதான். அங்கே டயர் விற்கும் கடைக்காரர் அந்த அடையாள எண்ணைப் பதிவுப் படிவத்தில் எழுதிக் கொடுக்கச் சட்டம் இருக்கிறது. நாளைக்கு இங்கே ஒரு கம்பெனி டயரைத் திரும்பப் பெற நினைத்தால் யார் வீட்டு வாசலில் அது நிற்கிறது என்று எந்தப் பில்லை வைத்துக் கண்டுபிடிக்கும்?

அந்தக் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள்தான் தேதி. 2320 என்றால் 2020ஆம் ஆண்டின் 23ஆவது வாரம், ஜூன் முதல் வாரம். ஐந்து வருஷம் தாண்டிய டயரை ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும், பத்துக்கு மேல் ஓட்டவே கூடாது என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். ரப்பர் கடை மாடியில் சும்மா கிடந்தாலும் வயதாகும். ஐந்து ரூபாய் பிஸ்கட்டில் தேதி பார்த்து வாங்குகிற நாம், ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் டயரை மினுமினுப்பு பார்த்து வாங்குகிறோம். போன மழைக்கு முன்னால் ஒரு கடையில் போன் வெளிச்சம் அடித்துத் தேதியைப் படித்தேன். தேயாத பட்டன், முடி முடியாக ரப்பர் நீட்டிக்கொண்டு அழகாகத்தான் இருந்தது, வயது மூன்றரை. சொன்னதும் கடைப் பையன் உள்ளே போய் வேறு இரண்டை உருட்டிக்கொண்டு வந்தான். கேட்டவளுக்குக் கிடைத்தது, முதலில் எடுத்து வைத்த அந்த இரண்டும் கேட்காத யாரோ ஒருவர் வண்டியில் இப்போது ஓடுகின்றன.

அரசுப் பரிசோதனை காப்பாற்றும் என்று இருக்க முடியாது. மத்திய மோட்டார் வாகன விதி 94 பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. சரக்கு வண்டி முதல் எட்டு வருஷம் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் அதன் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். சான்று வாங்குகிற நாளுக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டுகிறவர்களும், மொட்டை டயரில் கத்தியால் பட்டன் வெட்டி ஓட்டுகிறவர்களும் எல்லா ஊரிலும் உண்டு. வெட்டுகிற அளவுக்கு உள்ளே ரப்பர் தடிமன் இல்லாத சின்ன டயரில் அது நேராகக் கம்பிக்கே போகும். ரீட்ரெட் வேறு விஷயம். லாரிகளில் பட்டறையில் முறையாக ஒட்டிய ரீட்ரெட்டை நான் குறை சொல்ல மாட்டேன்.

2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கு ஜிஎஸ்டி 28இல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. மிச்சமான காசில் கார் ரகத்திலிருந்து எல்.டிக்கு ஏறலாம் என்பது என் யோசனை. கூடவே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு சின்ன வேலை செய்யலாம். டயர் பில்லில் அளவு, லோடு இண்டெக்ஸ், தயாரிப்பு வாரம் மூன்றையும் எழுதுவது கட்டாயம் என்று ஓர் உத்தரவு. பைசா செலவில்லை. கார் ரகத்தை எல்.டி என்று விற்றால் பில்லே சாட்சி சொல்லும், விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் வந்தால் காட்டவும் காகிதம் இருக்கும்.

நான் கேட்டபோது ரபாளேயில் ஒரு பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே பேனாவால் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தார். பெரிய கடைகளில் கம்ப்யூட்டர் பில்லில் அதற்குக் கட்டம் இல்லை என்கிறார்கள். 4011க்குக் கட்டம் போட்ட அதே சாஃப்ட்வேர்தான்.