அந்திப் பள்ளியும் பின்தங்கிய சிறாரும்

வாசிக்கமாட்டாத சிறுவனை மந்தபுத்தியுள்ளவனென்று பின்வரிசையில் ஒதுக்கிவைப்பது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். இவ்வழக்கம் பிழையானதென்பதும், அப்பிழையைத் திருத்தும் எளிய சாதனம் பள்ளி விட்டபின் நடைபெறும் வாசிப்பு வகுப்பே என்பதும் எமது கருத்து.

தமிழெழுத்தைக் கற்பதில் இடர் எங்குளது என்பதை முதற்கண் நோக்குக. உயிரும் மெய்யும் கூடிய 30 எழுத்துக்களைப் பெரும்பாலும் எல்லாப் பிள்ளைகளும் அறிந்துகொள்வர். தடுமாற்றமெல்லாம் உயிர்மெய் 216இலே. கொம்பு எழுத்திற்கு முன்னே நிற்க, அதன் ஒலி பின்னே வருகின்றது. உகரக்குறியோ கு, சு, து, ரு என மெய்தோறும் வடிவு மாறும். இதனைத் தெளிய ஒரு பிள்ளைக்கு ஒரு வாரம் போதும். மற்றொரு பிள்ளைக்கு மூன்று மாதம் வேண்டும். பாடத்தை ஆண்டிறுதிக்குள் முடிக்கவேண்டிய உபாத்தியாயர் அம்மூன்று மாதம் காத்திருத்தல் எங்ஙனம்? வகுப்பு முன்னே செல்ல, பிள்ளை 'கொ'விலேயே நின்றுவிடுகின்றது.

கொள்ளைநோயின் பொருட்டு 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள் சிறுவகுப்பினர்க்கு 2021 நவம்பரிலேயே திறக்கப்பட்டன. அதனால் நேர்ந்த குறையை நிரப்புதற்கெனத் தமிழக அரசினர் 'இல்லம் தேடிக் கல்வி'யை 27-10-2021இல் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கினர். அவ்வூரவரே தன்னார்வலராய், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையுடன், மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையே பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தனர். ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்த பொருளியலறிஞர், பள்ளி திறந்த ஆறு திங்களில் இழப்பில் மூன்றிலிரண்டு பங்கு மீண்டதெனவும், அம்மீட்சியில் ஏறக்குறைய நாலிலொன்று இம்மாலை வகுப்பாலாயதெனவும் கணக்கிட்டனர். பட்டம் பெற்ற ஆசிரியரல்லாதார் என்ன கற்பிப்பர் என்று நகைப்போர்க்கு இதுவே விடை. (ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளைக்குக் கற்பித்தலைச் சென்னையில் கண்டு, அம்முறையைச் சீமைக்குக் கொண்டுசென்ற டாக்டர் பெல் துரையின் நூல் 1797இலேயே வெளிவந்தது. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை நாமே மறந்தோம்.)

எனினும் ஒரு குறை உண்டு. அதனை மறைத்தல் தகாது. சில ஆண்டுகட்கு முன் உத்தரப்பிரதேசத்து ஜவுன்பூரில் கிராமத் தன்னார்வலர் நடத்திய வாசிப்பு முகாம்களில், வந்த பிள்ளைகள் நன்கு தேறினர். ஆனால் வந்தவரோ நூற்றுக்கு எண்மர் அளவே. வகுப்பு நன்றாயிருத்தல் மட்டும் போதாது. பிள்ளையின் வாயிற்படிக்கு அணித்தாயிருத்தல் வேண்டும்.

இதன் உண்மையை நம் மாஞ்சோலையைக் கண்டோர் உணர்வர். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எனத் தேயிலைக் குடியிருப்புகள் மலைமீது தனித்தனியே சிதறிக் கிடப்பன. மழையும் அட்டையும் யானைத்தடமுமுள்ள அப்பாதையில், இருள் கவியும் வேளையில் எந்தத் தாய் தன் குழந்தையை அடுத்த குடியிருப்பிற்கு அனுப்புவாள்? லயன் வீட்டு வாசலில் ஒரு விளக்கும் ஒரு பாயும் இருந்தாலன்றி அங்கு அந்திப் பள்ளி என்பது வெறும் பேச்சே.

2024இல் தோட்ட வேலை முடிவுக்கு வர, குடும்பங்கள் பல மலையிறங்கின. ஊர் மாறிய பிள்ளை வயதிற்கேற்ற வகுப்பில் அமர்த்தப்படும். அதன் வாசிப்பு எந்நிலையில் நிற்கின்றதென்று கேட்பார் அரியர். மணிமுத்தாற்றுப் பக்கத்திலும் அம்பாசமுத்திரத்துப் பக்கத்திலுமிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணவர் இப்பணியை மேற்கொள்ளலாகாதா? செய்யவேண்டுவது சிறிது. ஒரு பத்தியை உரக்கப் படிக்கச் செய்து, வகுப்பைப் பாராது, படிக்கும் நிலையைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிக்க. எழுத்தறியாதவனை எழுத்திலும், சொல்லில் தடுக்குபவனைச் சொல்லிலும் பயிற்றுக. வீட்டுப்பாடம் எழுதித்தரும் இடமாக அதனை ஆக்கற்க. பெற்றோர் அதையே விரும்பிக் கேட்பர், இணங்கற்க.

எமது மாணவப் பருவத்தில் நாங்கள் சிலர் கூடி இத்தகைய வகுப்பொன்றைத் தொடங்கினோம். மாசித் திங்களில் எங்கள் பரீட்சை நெருங்கவே, ஒருவர் பின் ஒருவராய் நின்றுவிட்டோம். பின்னொருநாள் அவ்வழியே சென்றபோது, இரட்டைக் கொம்பு வரை வந்திருந்த சிறுமியொருத்தி, "இன்னைக்கு உண்டா, அண்ணாச்சி?" என்று புத்தகத்தோடு ஓடிவந்தாள். ஆதலின் தொடங்க எண்ணும் நண்பர், பரீட்சைக் காலத்திற்கு மாற்றாள் யாரென்பதை ஆனியிலேயே முடிவுசெய்துகொள்க.