நாலரை வருஷம்... இரண்டு விநாடி!

அரிமளம் பக்கம் மாட்டுவண்டி எல்கைப் பந்தயம் என்றால், ரோட்டின் இரண்டு பக்கமும் கூட்டம் நிற்கும். வண்டி நம்மைக் கடப்பது சில விநாடிதான். அதற்காக வெயிலில் காத்துக் கிடப்போம். மாடும் நம்முடையதில்லை, பரிசும் நமக்கில்லை. ‘இதுல உனக்கு என்ன லாபம்?’ என்று யாரும் கேட்பதில்லை. ஆனால், யாரோ வீடியோ கேம் ஆடுவதை மொபைலில் பார்த்தால் மட்டும் அந்தக் கேள்வி உடனே வந்துவிடும்!

நான் விரும்பிப் பார்ப்பது ‘ஸ்பீட் ரன்’. ஒரு கேமை எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்று கடிகாரத்தோடு மோதுவது. பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு என்று பந்தயத்தில் இருப்பதுபோல இதிலும் பிரிவுகள் உண்டு. குறுக்கு வழியில் போகலாம் என்பது ஒரு பிரிவு. எல்லாக் கட்டங்களையும் தாண்டியே ஆக வேண்டும் என்பது இன்னொன்று.

‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ நினைவிருக்கிறதா? 1985-ல் வந்து, பிறகு நம் வீட்டு டி.வி-யிலும் கேசட் போட்டு ஆடிய அதே மரியோதான். மொத்தம் 32 கட்டங்கள். ரகசியக் குழாய்களில் புகுந்தால் 8 கட்டங்களில் முடித்துவிடலாம். 2016-ல் டார்பியன் என்ற பெயரில் ஆடுபவர் அதை 4 நிமிடம் 57 விநாடிகளில் முடித்தார். 4 நிமிடம் 55 விநாடிக்குக் கீழே முதலில் இறங்கியவர் நிஃப்ட்ஸ்கி, 2021 ஏப்ரலில். சுமார் இரண்டு விநாடியைக் குறைக்க நாலரை வருஷம்!

ஏன் அவ்வளவு கஷ்டம்? கடைசிக் கட்டம் தவிர மற்றவற்றில், 21 ஃப்ரேமுக்கு ஒருமுறை, அதாவது 0.35 விநாடிக்கு ஒருமுறைதான் கேம் அடுத்த கட்டத்துக்கு விடும். ரசிகர்கள் இதை பஸ்ஸோடு ஒப்பிடுவார்கள். ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் முன்னாடியே ஓடி வந்தாலும் பஸ் அதன் நேரத்துக்குத்தான் கிளம்பும். கொஞ்சம் பிந்தினால் அடுத்த பஸ்தான். முந்தைய பஸ்ஸையே பிடிக்கும் அளவுக்கு வேகம் கூட்டினால்தான் சாதனை.

இது புரிந்துவிட்டால் ஒவ்வொரு தாவலும் நமக்கும் படபடப்புதான். சிலர் தங்கள் இதயத்துடிப்பையும் திரையில் ஓட விடுவார்கள். கடைசிக் கட்டம் நெருங்க நெருங்க எண் எகிறும். ஒரு தாவல் பிசகினால் போச்சு, முகம் தொங்கும். அடுத்த நிமிடமே முதல் கட்டத்தில் மரியோ மறுபடி ஓடத் தொடங்கியிருப்பார். வேகத்தைவிட அந்தப் பொறுமையைத்தான் நான் அதிகம் ரசிக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் இதைப் பார்க்கிறதா? திட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். ‘இப்ப எங்க பிசகுச்சு?’ என்று கேளுங்கள். பதில் நிச்சயம் ஐந்து நிமிடத்தில் முடியாது!