வீடு வாடகைக்கு விடப்படும்

விருதுநகரிலும் சிவகாசியிலும் வாடகைக்கு வீடு கேட்டுப் போனவர்களுக்கு அந்தக் கேள்விகள் மனப்பாடம். எந்த ஊர்? என்ன உத்தியோகம்? எத்தனை பேர்? ஜாதியை வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள்; சுற்றி வளைத்துத் தெரிந்துகொள்வார்கள். இத்தனை பரீட்சையிலும் தேறிய ஒருவர், “என் தங்கை மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறாள்” என்ற உண்மையைச் சொல்லிவிட்டால் போதும். காலியாகக் கிடந்த வீடு அந்த நிமிஷமே வேறு யாருக்கோ பேசி முடித்த வீடாகிவிடும்.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

பயம் என்கிறார்கள். பயத்தைப் பற்றி நமக்கா தெரியாது? 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதற்குப் பிறகும் ஆலைகள் ஓடின. விடிந்ததும் கிராமங்களிலிருந்து ஆட்கள் வண்டி ஏறினார்கள். வயிறு இருக்கிறதே! வெடிக்கிற மருந்தோடு காலமெல்லாம் குடித்தனம் நடத்துகிற நாம், குணமாக்குகிற மருந்தைச் சாப்பிடும் ஒரு பெண் பக்கத்து வீட்டுக்கு வந்தால் பதறுகிறோம். இது என்ன நியாயம்? மனநோயாளிகள் பிறரை அடிப்பதைவிடப் பிறரிடம் அடிபடுவதே அதிகம் என்பது வைத்தியர்கள் அறிந்த விஷயம்.

ஏர்வாடி நமக்கு அந்நிய ஊர் அல்ல. 1985 வரை நாமும் இராமநாதபுரம் ஜில்லாக்காரர்கள்தாம். அங்கே 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில் ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓடமுடியவில்லை. 28 பேர் கருகினார்கள். தீ கொன்றது என்று எழுதினார்கள். சங்கிலி கொன்றது என்கிறேன் நான். அந்தச் சங்கிலியின் மறுமுனை காப்பகத் தூணோடு நின்றுவிடவில்லை. அவர்களைத் திரும்ப ஏற்காத தெருக்கள்வரை நீண்டிருந்தது.

குடும்பங்களை நான் திட்டமாட்டேன். ஒருநாள் ஆலைக்குப் போகாவிட்டால் ஒருநாள் கூலி இல்லை. நோயுற்ற மகனை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகும் தாயிடம் மனிதாபிமானம் பேச நமக்கு வெட்கமாக இருக்கவேண்டாமா? அவளுக்கும் வயதாகிறது. அவள் காலத்துக்குப் பிறகு அவனுக்கு யார்?

“அதற்குத்தான் ஆஸ்பத்திரி இருக்கிறதே” என்பார்கள். ஆஸ்பத்திரி சிகிச்சைக்கு, வாழ்க்கைக்கு அல்ல. 1794-லேயே தொடங்கிய பழைய ஸ்தாபனம் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. நோய் தணிந்த பின்னும் கூட்டிப்போக ஆளில்லாததால் வருஷக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டவர்கள் உண்டு. குடும்பம் இல்லை, ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை அப்படி வைத்திருக்கக்கூடாது என்று 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்லிவிட்டது. சமூகத்தில் வாழ்வது அவர்கள் உரிமை. அதற்கான இல்லங்களுக்கு ஏற்பாடு செய்வது சர்க்காரின் கடமை. சட்டம் எழுதியாயிற்று. வீடு எங்கே?

வீடு கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையைப் பாருங்கள். வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-ல், தெருவில் திரிந்த மனநோயுற்ற பெண்களுக்காக ‘பேனியன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். திரும்பிப் போக வீடில்லாதவர்களுக்காக 2015-ல் அவர்கள் ஆரம்பித்த திட்டம் ‘மீண்டும் வீடு’ என்று பொருள்படும் ‘ஹோம் எகெய்ன்’. சாதாரணத் தெருவில், சாதாரண வாடகை வீட்டில் நாலைந்து பேர் சேர்ந்து குடியிருக்கிறார்கள். உதவிக்கு ஒரு துணையாள், தேவைப்படும்போது வைத்தியம். காவலாளி இல்லை, பூட்டிய வார்டு இல்லை. சிலர் வேலைக்குப் போகிறார்கள். சிலர் வீட்டைக் கவனிக்கிறார்கள்.

இன்றைக்குக் குழம்பா, ரசமா என்று தீர்மானிப்பது உங்களுக்கும் எனக்கும் அலுப்பான காரியம். பல வருஷங்கள் தட்டை நீட்டி, போட்டதைத் தின்று, மணி அடித்ததும் படுத்த ஒருத்திக்கு அது பெரிய அதிகாரம். கடைக்குப் போய்ச் சில்லறையை எண்ணி வாங்குவதும், “தூக்கம் வரவில்லை, விளக்கு எரியட்டும்” என்று சொல்வதும் அவளைப் பழையபடி மனுஷியாக்குகின்றன. மாத்திரை நோயைத் தணிக்கும். அந்த அதிகாரத்தை மாத்திரை தராது, வீடுதான் தரும். பெல்ஜியத்தில் கீல் என்ற ஊரார் பல நூற்றாண்டுகளாக இத்தகையோரைத் தங்கள் வீடுகளிலேயே வைத்துப் பராமரித்து வந்திருக்கிறார்கள். ஊர் எரிந்துவிடவில்லை.

“பணம்?” என்று கேட்பவர் விருதுநகர்க்காரராக இருந்தால் எனக்குச் சிரிப்பு வரும். வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்துப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர் இது! காமராஜர் படித்த பள்ளி அப்படி வளர்ந்ததுதான். அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் வந்துவிட்டது. வைத்தியருக்கும் குறைவில்லை, வியாபாரிகளுக்கும் குறைவில்லை.

ஆகையால் நான் கேட்பது தர்மம் அல்ல. வாடகையை வாங்கிக்கொள்ளுங்கள், முன்பணமும் வாங்கிக்கொள்ளுங்கள். துணையாளோடு நாலு பேர் குடியிருக்க ஒரு வீட்டைக் கொடுங்கள். அடுத்த முறை யாராவது அந்த மாத்திரையைப் பற்றிய உண்மையை உங்களிடம் சொன்னால், “வீடு பேசியாயிற்று” என்று பொய் சொல்லாதீர்கள். வாடகை எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள்.